பார்

பார்களை எத்தனை மணிவரை திறக்கலாம் என்று
போனில் நாலு பேர் கத்துகிறார்கள்.
என்னைக் கேட்டால், விடியும்வரை திறக்கட்டும்.
தங்கச்சிமடத்தில் நாங்கள் விற்பதும் பார்தான்:
ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ ஐஸ்,
உடைத்துத்தான் தருவோம்.

கொடி கட்டிய படகுக்கும்
கட்டாத படகுக்கும் ஒரே விலை.
இது அரசியல் என்றால் அரசியல்.

புதுசாகக் கொடுத்த கருவியை லூர்தன் திட்டுவான்:
"நான் எங்க நிக்கிறேன்னு ஊருக்கே சொல்லுது,
புடிக்க வர்றவன் எங்கன்னு
எனக்குச் சொல்ல மாட்டேங்குது."

ஒன்றரை மணியிலிருந்து
அவன் புள்ளி நகரவில்லை.

விளம்பரம் முடிந்து அதே நாலு பேர்.
கீழே ஓடுகிறது: ஒன்பது மீனவர்கள்.
ஒன்பது. அவ்வளவுதான்.

கடன் நோட்டைப் புரட்டுகிறேன்.
லூர்தன், பதினாலு பார், பாக்கி.

வாசலில் யாரோ
ஐஸ் கேட்டு ஹாரன் அடிக்கிறார்கள்.