இடம் போதாது

விடிய ஐஞ்சே முக்கால்.
போனைச் சீனிப் போத்தலோடை சாத்தி வைக்கிறன்.
சட்டத்துக்குள்ள வாறது
பாதி அடுப்பு, பாதி யன்னல்,
நான் நடந்தால் என்ரை இடது முழங்கை.

இண்டைக்கு முந்நூற்றுப் பதினோராம் நாள்.
நேற்று எடுத்தது,
பண்ணைப் பாலத்திலை செருப்பு அறுந்து
ஒற்றைக்காலிலை நிண்ட ஏழு நிமிசம்.
படத்திலை கடல் இல்லை.
காற்று இருக்கு,
மைக்கைத் தின்னுற சத்தமாய்.

கொக்குவிலிலை ஒரு டியூசன் கொட்டிலுக்குள்ள
படுக்கை விரிப்பைக் கட்டி ஓட்டிக் காட்டினன்.
ஒன்பது பேர். அதிலை ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவை.
"கதை எங்கை பிள்ளை?" எண்டார் ஒருத்தர்.
மற்றவ கேட்டா, அந்த வாளி நிரம்புறதை
ஏன் முழுசா விட்டனீங்கள்?
நிரம்புமட்டும் எனக்கு வேறை வேலை இருக்கேல்லை எண்டன்.
சிரிச்சினம்.
அதையும் எடுத்தன்.

மீற்றர் பாக்க வந்த அமிர்தநாயகம்
மதிலிலை போன் இருக்கிறதைக் கண்டதும்
மேல் பொத்தானைப் பூட்டினார்,
தலையை நேராக்கினார், இமைக்கேல்லை.
எங்கடை ஆக்களுக்குப் படம் எண்டால்
பின்னாலை வெள்ளைச் சுவர்,
காது ரெண்டும் தெரியவேணும்,
ஆரோ ஒருத்தன் அதையும் முகத்தையும்
மாறி மாறிப் பாப்பான்.

"இது ஒண்டுக்குமில்லை ஐயா."
"ஒண்டுக்குமில்லாட்டி அழிச்சுவிடும் தங்கச்சி."

அவர் பாக்கத்தான் அழிச்சன்.
குப்பைக் கூடைக்குள்ள அது
முப்பது நாள் கிடக்குமெண்டு சொல்லேல்லை.

இருபத்தொன்பதாம் நாள் இரவு கிண்டி எடுத்துப் பாத்தன்.
போனைக் காணமுந்தி
ஒன்பது செக்கன் இருக்கு:
மீற்றர்க் கண்ணாடியிலை ஒட்டின வேப்பம் சருகை
நகத்தாலை நோகாமல் கழட்டுறார்,
எண்ணைச் சத்தமாய் வாசிக்கிறார்,
பிழைச்சு, திரும்ப வாசிக்கிறார்.

முந்நூற்றுப் பதினொரு நாளிலை
இதைத்தான் தேடினனோ தெரியாது.
'மீட்க' எண்ட எழுத்துக்கு மேலை
விரல் கனநேரம் நிண்டது.
பேந்து போனைக் கவிட்டு வைச்சிட்டுப் படுத்தன்.

அடுத்த மாசக் கணக்குக்கு அவர் வந்தார்.
கேற்றடியிலையே பொத்தானைப் பூட்டிக்கொண்டு
மதிலைப் பாத்தார்.
"இண்டைக்கு எடுக்கேல்லையோ?"

போனிலை இடமில்லை எண்டன்.
அது உண்மைதான்.