இருபத்தைந்து எழுத்து

குதிரைக் கப்பலில் ஊர்காவற்றுறைக்கு வந்தவனாம்
மெனாகெம் என்ற யூதன்.
சோனகர் ஒருவரின் பண்டசாலையில் கதவடைத்து
ஆறு மாதம் உப்பில்லாமல் உண்டு
ஒரு வானதூதனுக்காகக் காத்திருந்தான்.
வந்தது குளிர்காய்ச்சல்.

அவன் ஈயத்தில் கீறிய இருபத்தைந்து எழுத்து
யார் யார் கையாலோ பிழைத்து
கஸ்தூரியார் வீதியில் என் மேசைக்கு வந்தது.
சாத்திரி செல்லக்கண்டர் கொப்பியை விரிப்பார்.
நான் செம்பில் வெட்டுவேன்,
வாசிக்கத் தெரியாமல்.
மூன்றாம் வரியில் ஒன்றுக்குக் கால் முறிந்திருக்கும்.
முறிவையும் வெட்டுவேன்.
“விசாவுக்கு இதைவிட வல்லது இல்லை” என்பார்.

போன கிழமை
சூரிச்சிலிருந்து விலங்கோடு திருப்பி ஏற்றப்பட்ட பிரதாபன்
தகட்டை என் முன்னால் போட்டான்.
காசு கேட்கவில்லை.
“இதோட நாலு பேர், அண்ணை.
நாலு பேரும் திரும்பியாச்சு.”

அவன் போனபின்தான் உறைத்தது.
அந்நியத் துறைமுகத்தில் காய்ச்சலோடு கிடந்தவன்
தூதனிடம் வேறென்ன கேட்டிருப்பான்?
வீட்டுக்குப் போக ஒரு காற்று.

தகடு பொய்க்கவில்லை.

வேலணைத் தாய் ஒருத்தி
முற்பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.
உளி கையில்.
இரண்டு வரி முடிந்தது.
கால் முறிந்த எழுத்தில் நிற்கிறேன்.