நான்காம் படி

தாம்வே, மூன்றாம் மாடி.
இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை மின்சாரம்
என்கிறது இந்த வாரத்து அட்டவணை.
சோற்றுப் பானையும் தண்ணீர் மோட்டாரும்
என் திருத்த வேலையும்
அந்த நாலு மணி நேரத்துக்காக
வரிசையில் நிற்கின்றன.

இசைக்குறி எழுதும் மென்பொருள்.
யாருக்கும் சொந்தமில்லை என்பதால்
யாரும் கைவைக்கலாம்.
கைவைக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி
தாலினிலிருந்து மார்யா எழுதி அனுப்பியிருக்கிறாள்,
நாற்பத்தொரு பக்கம்.
பிலோமினா, உனக்கு ஒன்றும் தெரியாது
என்று வைத்துக்கொண்டு படி.

வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?
எனக்குத் தெரிந்தது குளிர்கிடங்கில்
இறால் பெட்டிக் கணக்கு.
அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுவுக்கு
நாலு குரலையும் தனித்தனித் தாளில் பிரித்து
பக்கம் திருப்பும் இடத்தில்
மூச்சுக்கு ஒரு ஓய்வுக்குறி விடுவது.
நிரல் எழுத வராது.
அதுதான் தகுதி.

முதல் படி நடந்தது.
இரண்டாம் படியும் நடந்தது, கணினி விசிறி அலற.
மூன்றாம் படியில்
"வெறுமனே இந்த வரியைத் தட்டுங்கள்" என்றிருந்தது.
வெறுமனேயை அடித்தேன்.
வெறுமனே செய்யத் தெரிந்தவள்
இந்தப் பக்கத்துக்கு எதற்கு வருகிறாள்?

நான்காம் படியில் கால் வைத்தேன்.
படி இல்லை.
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே
எழுதியவளுக்கு மட்டும் பழகிய ஒரு தாவல்.
திரை முழுக்கச் சிவப்பு வரி.
மூன்று இரவு அதிலேயே போயிற்று.
ஒரு கோப்புறை, ஒரே ஒரு வெற்றுக் கோப்புறை,
முன்கூட்டியே நாம் உண்டாக்கியிருக்க வேண்டுமாம்.
மார்யாவின் கணினியில் அது ஆறு வருடமாய் இருக்கிறது.
இருப்பதை யார் எழுதி வைப்பார்?
நிலைப்படி தாழ்வு என்பது
வீட்டுக்காரர் தலைக்குத் தெரியாது.
வந்து முட்டியவருக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் பக்கம்:
"பெயர், குடும்பப் பெயர், இரண்டும் கட்டாயம்."
அட்டையில் நான் நுவே நி துன்.
மூன்றும் எனக்கே எனக்கு,
ஒன்றுகூட அப்பாவுடையதில்லை.
வீட்டில் சூ. பிலோமினா.
துறைமுகத்தில் மூட்டை எண்ணிய சூசைமாணிக்கம்
அந்த ஒற்றை எழுத்துக்குள்
குந்தி உட்கார்ந்திருக்கிறார், புள்ளி வைத்து.
யாரை எந்தக் கட்டத்தில் போட?
ஓரத்தில் எழுதினேன்:
இந்த நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
ஒரு கட்டம் போதும்.
கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

இருபத்தேழில் நின்றேன்.
"முதல் அடியே வலுவான அடி என்பது தெரிந்ததே."
மூன்று தெரு தள்ளி, ஜெனரேட்டர் வெளிச்சத்தில்,
நாட் கூத்து விடிய விடிய.
சீ என்று சின்ன மணி,
வா என்று மூங்கில் கட்டை.
அங்கே கனமெல்லாம் கடைசி அடியில்.
வட்டம் முழுக்க நடந்து
பாரத்தை இறக்குவது அந்த மூங்கில்தான்.
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
தெரிந்ததேயை அடித்தேன்.
யாருக்கு, என்று பக்கத்தில் கேட்டேன்.

அனுப்பு என்று அழுத்தியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு.
மின்சாரம் எட்டு நிமிஷம் முன்னதாகப் போனது.
போனதா, போகவில்லையா?
இருட்டில் அரைவேக்காட்டுச் சோற்றைக்
கிளறிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மார்யா எழுதினாள்:
நான்காம் படி சேர்த்தாயிற்று.
கட்டமும் ஒன்றாயிற்று.
இருபத்தேழுக்கு இன்னும் பதில் இல்லை,
யோசிக்கிறேன்.
நீ சொன்னபின் என் கணினியைச் சுத்தமாய் அழித்து
முதலிலிருந்து ஏறிப் பார்த்தேன்.
மூன்றிலேயே நிற்கிறேன், பிலோமினா.
நீ எப்படித் தாண்டினாய்?

எப்படித் தாண்டினேன்?
ஞாபகம் இல்லை. விரல் தானாகப் போகிறது.
என் கணினியிலும் இப்போது
ஏதோ இருக்கிறது.
இனி நான் உதவமாட்டேன்.
முட்டிக்கொள்ள
வேறொரு தலை பார், மார்யா.