குதிரைக்கு மூன்று நட்சத்திரம்

ஷார்ல்ருவாவில் நவம்பர்.
மழை நின்றபாடில்லை.
நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்,
எங்கள் திரையரங்குக்கு அது திருவிழாக் கூட்டம்.

பழைய படம். கறுப்பு வெள்ளை.
நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கப்பட்ட குதிரை
பதினான்கு வருஷம் வண்டி இழுக்கிறது,
ஒருநாள் இழுக்கவில்லை.
மொத்த வசனத்தையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிட்டு
மிச்ச இடத்தில் நலம் விசாரிக்கலாம்.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்,
அப்படித்தான் பழமொழி.
இங்கே குழி பறித்தவர்களே
குதிரையைக் கட்டி இறக்கினார்கள்.
வயிற்றின் கீழ் தோல்வார்.
அந்தரத்தில் நான்கு கால்களும்
நடந்துகொண்டே இருந்தன.

பதினோராம் நிமிடம் ஒருவர் எழுந்து போனார்.
மறந்த குடைக்காகத் திரும்பி வந்தவர்
கதவோரம் நின்றபடியே
கடைசிவரை பார்த்தார்.
அவர் கருத்தை யாரும் கேட்கவில்லை.

பிறகு முன்கூடத்தில் பியரும் சண்டையும்.

"எண்பத்தாறு நிமிடம் ஒரு கழுத்தைப் பார்த்தேன்"
என்றார் கணக்கு வாத்தியார் ஒடிலோன்.
"என் மனைவியின் கழுத்தைக்கூட
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை."
"தெரியும்" என்றாள் மனைவி.

ஓரியானுக்கு அழுது மூக்கு சிவந்திருந்தது.
"அது யாரையும் திட்டவே இல்லை."
"குதிரை எப்படியம்மா திட்டும்?"
"அதைத்தான் சொல்கிறேன்."

துறவி என்றது ஒரு மேசை.
இல்லை, அது இந்த நாடு என்றார் தாடிக்காரர்,
எந்த வருஷத்து நாடு என்று கேட்டதற்கு
இன்னொரு பியர் சொன்னார்.

கால்நடை மருத்துவர் கோதலீவா குவளையைக் கீழே வைத்தாள்.
"அது குதிரை அல்ல, குதிரைகள்.
லாயக் காட்சிக்குப் பிறகு
இடது பின்னங்காலில் வெள்ளை முடி இல்லை.
முதலாவது நொண்டியிருக்கும், மாற்றிவிட்டார்கள்.
நீங்கள் எதற்காக அழுதீர்கள்?
முன்னதற்கா, பின்னதற்கா?"
கொஞ்ச நேரம் எவரும் குடிக்கவில்லை.

கடைசியாக நசரேனோ.
அவர் அப்பா அப்ரூத்ஸோவிலிருந்து ரயிலேறி வந்து
இங்கே குழியில் இறங்கி
ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனவர்.
"குதிரைக்கு முகம் இருக்கிறது.
இமை, மீசைமுடி, மூச்சின் ஆவி, எல்லாம்.
மனிதர்களுக்கு இடுப்புக்குக் கீழேதான்.
பூட்ஸ். பூட்ஸ். பூட்ஸ்.
எங்கள் முகம்வரை அந்தக் காமிரா நிமிராதா?"
யாரோ அழகியல் என்றார்கள்.
"உங்களுக்கு" என்று கோட்டை மாட்டிக்கொண்டு
மழைக்குள் போனார்.

மதிப்பெண் சீட்டுகளை எண்ணினேன்.
ஐந்து நட்சத்திரம் பதினாறு பேர்.
ஒன்று, பதினாறு பேர்.
சராசரி மூன்று.
மூன்று போட்டவர் ஒருவர்கூட இல்லை.
ஒரு சீட்டில் எண்ணே இல்லை,
பேனாவால் வரைந்த ஒரு பிடி புல்.

நான் படம் ஓட்டுகிறவள்.
அவர்கள் வெகுநேரம் அடித்துக்கொண்டது
அந்தக் கடைசிப் பார்வைக்காக.
நம்மை நோக்கி, அசையாமல், இருபத்திரண்டு விநாடி.
மன்னிப்பு என்றார்கள்.
வழக்குரை என்றார்கள்.

சுருளைப் பெட்டியில் வைக்குமுன்
அந்த இடத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம்.
திரைக்கு வராதபடி
எந்திரத்தின் தகடு வெட்டிவிடுகிற கீழ் விளிம்பில்
ஒரு கை இருக்கிறது.
விரல்களுக்கிடையே பீட்ரூட் துண்டு.
நகக்கண்ணில் கரி, எந்த சோப்புக்கும் போகாத கரி.
ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை.

குதிரை அதைத்தான் பார்க்கிறது.

ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியும்.
சொன்னால் ஓரியானின் கண்ணீரை
பீட்ரூட் என்று சிரிப்பார்கள் என்று
சொல்லாமல் இருந்தேன்.
இன்று அப்படித் தோன்றவில்லை.
பசித்த வாய்க்கும் கொடுக்கிற கைக்கும் நடுவே
அரை முழம்கூட இல்லை.

வியாழக்கிழமை மறுகாட்சி.
நசரேனோவுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும்,
வருவாரோ என்னவோ.
தகட்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு.
இருபது சென்ட் நாணயம் போதும்
அதைத் தளர்த்த.