நண்டுக் கம்பெனிக் கணக்கு

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
மூன்று ரீத்தம்மாக்கள்.
ஒருத்திக்கு வெறும் பெயர்,
ஒருத்திக்குப் பக்கத்தில் பாம்பன்,
மூன்றாமவளுக்கு சிலோன் என்று
பதினொரு மாதமாக எழுதிவந்தேன்.

சனிக்கிழமைச் சம்பளத்துக்குக்
கையெழுத்துப் போடக் குனிந்தவள்
நிமிரவில்லை.
"அட்டனில எங்கம்மாவ இந்தியாக்காரின்னாங்க.
வவுனியாவுல தோட்டக்காட்டாள்.
நான் இந்த முகாம்ல பொறந்தவ அண்ணே.
சிலோனப் பாத்ததே இல்ல,
தனுஷ்கோடி போன அன்னைக்குத்
தூரத்துல மினுங்குன
ஒரு வெளிச்சத்தத் தவிர."

என் வாய் சும்மா இருக்கவில்லை.
"அப்ப அகதின்னு போடட்டா?"

ஓடு உடைக்கும் சத்தம்
கூடம் முழுக்க நின்றது.

பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள்:
மலையகம்.
"இத சேத்துத்தான் எழுதணும்.
மலை ஒரு வரி, அகம் ஒரு வரின்னு
ஒடைக்கக் கூடாது.
கட்டம் பத்தலன்னா
பாம்பனச் சுருக்குங்க."
பாம்பன் ரீத்தம்மாதான்
முதலில் சிரித்தாள்.

திங்கட்கிழமை
ஐஸ் வண்டி டிரைவர் வாசலில் நின்று
ஏய் சிலோன் என்று கத்தினான்.
யாரும் திரும்பவில்லை.
இன்னொரு தடவை கத்தினான்.

என் நோட்டைப் பார்த்துத்தான்
அவன் பெட்டி எண்ணுவான்.
அந்தச் சொல்லையும்
அதில்தான் எடுத்திருப்பான்.

எழுந்து போய்ச் சொன்னேன்.
வண்டி உறுமலில்
அவனுக்குக் கேட்டதோ என்னவோ,
"என்னாது?" என்கிறான்.
மறுபடி சொல்ல
வெயிலில் நிற்கிறேன்,
காலடியில்
ஐஸ் தண்ணீர் ஓடுகிறது.