ஆறடி

ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கும்போது
குகபாலன் விரல் மடித்து எண்ணிக் காட்டினான்.
பள்ளிக்கூடம் எட்டு நிமிசம்.
முடக்கில் திரும்பினால் நூலகம்.
கிளினிக். இரண்டு பஸ். பிறகு
சப்வே வந்தால்…

அந்த ‘வந்தால்’ என்ற ஒரு சொல்லுக்கு
நாற்பதாயிரம் டொலர் கூடக் கொடுத்தேன்.

எட்டு நிமிசம் என்றால் யாருடைய கால்
என்று கேட்கத் தோன்றவில்லை.
அவன் காரில் வந்தவன்.
நானும் காரில்தான்.

சப்வே இன்னும் எங்கேயோ நிலத்துக்கு அடியில்
இயந்திரச் சத்தமாக இருக்கிறது.
அதற்குள் விலை வந்து இறங்கிவிட்டது,
தலையசைத்ததற்கே சீதனம் வந்த மாதிரி.

மேல்வீட்டில் மூன்று பெடியள், இரண்டு கார்.
கீழே பேஸ்மென்டில் மாரிவிக்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஒன்றாம் தேதி விடிய ஆறரைக்கு
அவள் வாடகை என் போனில் ஒருமுறை அதிரும்.
நான் குடியிருப்பது மார்க்கம் நகரில்.
பேரைப் பாருங்கள்.

ஐப்பசியில் நகரசபையின் கடிதம் வந்தது:
உங்கள் பக்கத்தில் நடைபாதை போட யோசிக்கிறோம்,
அகலம் ஆறடி.
(ஆறடி என்றதும் சுடலையை நினைக்காதீர்கள்.
நான் நினைத்தேன்.)

முன்வீட்டுப் பெட்ரோவ்ஸ்கி கடதாசி மட்டையோடு வந்தார்.
நடைபாதை வந்தால் ட்ரைவ்வே குறுகும்,
இரண்டாவது காரின் பின்பக்கம் வெளியே நிற்கும்,
டிக்கெட் எழுதுவார்கள், மேப்பிளும் போகும் என்றார்.
மேப்பிள் எனக்குக் கவலை இல்லை.
ஒரு கார் நிற்கும் இடம் மாதம் நூற்றைம்பது,
வருசம் ஆயிரத்து எண்ணூறு,
ஐந்து வீதக் கணக்கில் முதலாக்கினால்
முப்பத்தாறாயிரம்.
மனக்கணக்கில் நான் சின்னனிலேயே கெட்டிக்காரன்.
குளிரில் பேனை எழுத மறுத்தது.
வாயால் ஊதிச் சூடாக்கி
பதினோராவது பெயராக ஒப்பமிட்டேன்.

தெரு வென்றது.

மாசியில் ஒரு விடியற்காலை
ஃபர்னஸ் நின்றுவிட்டதென்று பெடியன் எடுத்தான்.
போய் இறங்கினேன்.
உழவு வண்டி ஸ்நோவை இரண்டு பக்கமும் தள்ளித்
தெருவை ஒரு வாய்க்காலாக்கி இருந்தது.
ஆனால் என் புல்தரையின் குறுக்கே
தோள் அகலத்தில் ஒரு பாதை.
வெட்டியதல்ல, மிதித்தது.
பிள்ளைகளின் சப்பாத்து,
யாரோ கிழவரின் பொல்லுக் குத்திய துளைகள்,
தள்ளுவண்டிச் சில்லின் இரண்டு கோடுகள்.
கடிதத்தோடு வந்த வரைபடத்தில்
புள்ளிக்கோடு ஓடிய அதே இடம்.
எல்லோரும் படம் பார்த்தா நடந்திருப்பார்கள்?

பஸ்ஸால் இறங்கி மாரிவிக் அதில் வந்துகொண்டிருந்தாள்,
வேலைச் சீருடைக்கு மேல் ஆண்களின் ஜாக்கெட்.
என்னைக் கண்டதும்
முழங்கால் ஆழ ஸ்நோவுக்குள் இறங்கி ஒதுங்கி,
“சொறி” என்றாள்.

எனக்கு வழிவிட்டாள்.
என் காணியில் என்று எழுத வந்தேன்.
வீட்டு உறுதியோடு இருந்த நிலஅளவைப் படத்தை
அன்றிரவுதான் விரித்துப் பார்த்தேன்.
என் எல்லைக்கட்டை வாசலுக்குக் கிட்ட நிற்கிறது.
மிச்சமெல்லாம் நகரசபையின் நிலம்.
ஒன்பது கோடை, அவர்களின் புல்லுக்கு
நான் உரம் போட்டிருக்கிறேன்.

சித்திரையில் குகபாலன் கூப்பிட்டான்.
“அண்ணை, இப்ப விக்கிறதெண்டால் நல்ல நேரம்.
உங்கட இடத்துக்கு நடைப்புள்ளி
நூற்றுக்கு எழுபத்தொன்று.
‘எல்லாம் நடந்து போற தூரம்’ எண்டு போடட்டோ?”

அந்தப் புள்ளி தூரத்தைத்தான் அளக்கும்.
கால் வைக்க இடம் உண்டோ என்று பார்க்காது.
போடு என்றும் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
யோசிப்பம் என்றேன்.

ஸ்நோ உருகிப் போய்
புல்தரையில் அந்தக் கோடு மட்டும் செத்துக் கிடக்கிறது,
களிமண் நிறத்தில், நேராக,
பெட்ரோவ்ஸ்கி வீட்டுக்கு எதிரே கொஞ்சம் வளைந்து.
இரண்டு பை புல்விதை வாங்கினேன்.
மூன்று கிழமையாய்
காரின் பின்பெட்டிக்குள் இருக்கிறது.