மிகக் குறைவு என்றால் எவ்வளவு

குவோப்பியோவில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டு.
அகச்சிவப்பு சானா விற்கும் கடைக்குள் தைஸ்தோ நுழைகிறார்,
கோட்டுப் பையில் இரவல் வாங்கிய அளவுமானி.
பின்னால் நான், வீங்கிய விரல்களைக்
கம்பளிக் கையுறைக்குள் ஒளித்துக்கொண்டு.

முப்பத்தொரு வருடம் மின்கோபுரம் ஏறிய மனிதர்.
நானூறு கிலோவோல்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து
ரொட்டியும் சீஸும் தின்றவர்.
அவர்தான் இப்போது
தேவதாரு மணக்கும் மரப்பெட்டிக்குள் மண்டியிட்டு
பெஞ்சின் அடியில் கையை நீட்டுகிறார்,
காணாமல்போன நாணயத்தைத் தேடுகிறவர் போல.

'கதிர்வீச்சு மிகக் குறைவு' என்கிறது விளம்பரத் தாள்.
"மிகக் குறைவு என்றால் எவ்வளவு?"
விற்பனைக்கு நிற்கும் அக்செலி தலையைச் சொறிகிறான்.
"எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், ஐயா."
அந்த ஒரு பதிலுக்காகவே
அவனிடம் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

தைஸ்தோ விடுவதாயில்லை.
எங்கே வைத்து அளந்தார்கள், நட்டநடுவிலா,
முதுகு சாயும் பலகையிலா?
சூடேறும்போதா, சும்மா இருக்கும்போதா?
காந்தப்புலத்தையா, மின்புலத்தையா?
"அந்த வெப்பமே ஒரு கதிர்வீச்சுதான் தம்பி,
அதையும் குறைத்துவிட்டால்
பெட்டிக்குள் குளிராதா?"

முதல் பெட்டி:
நடுவில் எலி மூச்சு அளவு.
முதுகுப் பலகையில் நாலு மைக்ரோடெஸ்லா.
விசில் அடித்தார்.
இரண்டாவதில் கதவு சரியாகச் சாத்தவில்லை.
அளக்கவே இல்லை.

இதற்கிடையில் என் தம்பி கலெர்வோவின் போன்.
"கல் இல்லை, தண்ணீர் இல்லை, ஆவி இல்லை,
அதற்குப் பெயர் சானாவா?
ரொட்டி வாட்டும் பெட்டி அக்கா அது.
இரண்டு பக்கமும் சிவந்ததும் துள்ளி வெளியே வா."

அவனுக்கு என்ன.
கரண்டித் தண்ணீர் கல்லில் பட்டுச் சீறும் அந்த நொடி
என் மூச்சுக்குழலில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.
இரண்டு கோடைகளாக
ஏரிக்கரையில் அவர்கள் உள்ளே சிரித்துக்கொண்டிருக்க
நான் வெளியே துண்டுகளுக்குக் காவல்.

மூன்றாவது பெட்டியின் பின்பலகையைக்
கழற்றச் சொன்னார் தைஸ்தோ.
அக்செலி திருப்புளி தேடி ஓடினான்.
உள்ளே, சடை பின்னினாற்போல் இரண்டு கம்பிகள்.
"போகிற மின்சாரம் ஒன்றில், திரும்புகிறது ஒன்றில்.
ஒட்டிக் கிடப்பதால்
இதன் புலத்தை அது தின்கிறது, அதன் புலத்தை இது."
"அப்புறம் என்னதான் மிஞ்சும்?"
"சூடு."

கம்பியைப் பற்றித்தான் சொன்னார்.
நான் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
யானை விலை.

அன்று இரவு வீடு முழுக்க அளந்தார்.
குளிர்பெட்டி, தலை உலர்த்தி, சுவர்க் கடிகாரம்.
கடைசியில் என் கட்டில்.
ஒன்பது குளிர்காலமாக
முழங்காலுக்கு அடியில் நான் வைத்துத் தூங்கும் மின்மெத்தை,
அந்த முதல் பெட்டியையே தூக்கிச் சாப்பிட்டது.
அப்படியே நின்றார்.
அதை வாங்கித் தந்தவர் அவர்.

"கெடுதலா?" என்றேன்.
நாற்பது வருடத்தில் முதல்முறையாக
"தெரியாது" என்றார்.
பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்திருந்தார்.
நான் வாங்கித் திரும்பச் செருகினேன்.
பெட்டி வர ஆறு வாரம்.
முழங்கால் அதுவரை காத்திருக்காது.

பனிச்சறுக்குக் கட்டைகள் பால்கனிக்குப் போயின.
சாமான் அறை காலியானது.
ஜனவரியில் லாரி வந்தது.
வேடிக்கை பார்க்க வந்த கலெர்வோ
கேலி செய்துகொண்டே திருகாணிகளை எடுத்துக் கொடுத்தான்.

ஐம்பத்தைந்து டிகிரி.
ஆவி இல்லை. மூச்சு நேராக ஓடுகிறது.
விரல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்புகின்றன,
கடைசியாகச் சுண்டுவிரல்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
அளவுமானியை எப்போதோ மறந்துவிட்டு,
பேச ஒன்றும் இல்லாமல்,
என் துண்டைப் பிடித்தபடி
இரண்டு கிழவர்கள்.